கேள்வி நாற்காலி

14

காலை பத்து மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். உட்கார்ந்திருந்த இடங்களையும் சொல்லிவிடுவது நல்லது.

வாசற்கதவுக்கு எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே, குழுவின் தலைவரான அதிகாரி. அவருக்கு வலப்பக்கம், அலமாரியை ஒட்டி, மரபுத்துறைப் பேராசிரியர். இடப்பக்கம், ஜன்னலோரம், தடை வேண்டும் என்று மனுப் போட்டவர்களின் வக்கீலம்மா. மூவருக்கும் பின்னால் ஒரு சின்ன மேஜையில் சுருக்கெழுத்தர். சுவரோரப் பலகையில் வீட்டின் மூத்த மகனான வார்டு கவுன்சிலர், புதுச் சட்டை கசங்காமல் விறைப்பாக. அவருக்குப் பக்கத்தில், நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு, தங்கை பெரியவள். கடைத்தெருவில் மருந்துக்கடை நடத்துகிறவள். உள் அறை வாசலில் தொங்கிய சாம்பல் நிறத் திரைக்கு அந்தப் பக்கம், முக்காலியில், கடைசித் தங்கை சின்னவள்.

திரைக்கு இந்தப் பக்கம் கை இல்லாத மர நாற்காலி ஒன்று. அதில் யாரும் இல்லை.

சுருக்கெழுத்தர் இத்தனையும் எழுதிவிட்டு நிமிர்ந்தார். "காலி நாற்காலியையும் எழுதணுமா சார்?"

"எழுதுங்க," என்றார் அதிகாரி. "அரசாங்கத்துல காலி இடத்துக்குத்தானே அடிதடி."

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கூடத்தில் சிரிப்பு எடுபடாது.

ஊரார் 'பதில் வீடு' என்று சொல்லும் அந்த வீட்டின் வழக்கம் வாராவாரம் படிப்பவர்களுக்குப் பழகியதுதான். இந்த வாரம் புதிதாகப் படி ஏறுகிறவர்களுக்காகக் கொஞ்சம். ஒருவர் இறந்துபோனால் அவருடைய மனிதர்களில் ஒருவர் இங்கே வந்து அந்த மர நாற்காலியில் உட்காருவார். திரையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். போனவரின் குரலில் பதில் வரும். கேட்டவர் திரும்பிப் பார்க்காமல் பக்கக் கதவு வழியாகப் போய்விடவேண்டும். பதில் சொல்கிறவள் இந்த வீட்டுப் பெண். என்ன சொன்னோம் என்பது அவளுக்கே தெரியாது.

வீட்டார் நாற்காலியில் உட்காரக்கூடாது. பதிலைக் கேட்கவும் கூடாது. யாராவது வந்து உட்கார்ந்ததும் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்றுகொள்ளவேண்டும். பெரியவள் சின்ன வயதிலிருந்து அப்படி நின்றிருக்கிறாள். இன்றுவரை ஒரு பதில்கூட அவள் காதில் விழுந்ததில்லை.

அம்மா இருந்தவரை அம்மா உட்கார்ந்தாள். அம்மா போனபின் சின்னவள்.

மரக்கடைக்காரர் செத்தபோது அவர் மனைவி வந்து கேட்டுவிட்டுப் போனாள். போன சூட்டோடு பெற்ற மகனை வீட்டைவிட்டு வெளியே தள்ளினாள். மகன் கோர்ட்டுக்குப் போனான். அவனோடு ஊரில் பாதிப்பேர் போனார்கள். மீதிப்பேர் 'எங்கள் மரபில் கை வைக்காதே' என்று அட்டை எழுதித் தெருவில் நின்றார்கள். ஒரு துறை மாலையோடு வந்தது, இன்னொரு துறை பூட்டோடு வந்தது. இரண்டும் வாசலில் இடித்துக்கொண்டதில், அரசாங்கம் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தது. குழு போட்டது.

பெரியவளுக்கு மாலையும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். தங்கை முழுசாகத் திரும்பக் கிடைத்தால் போதும்.

முந்தாநாள் இருவரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். பின்னால் எவளோ ஒருத்தி தன் புருஷனை "என்னங்க" என்று கூப்பிட்டாள். சின்னவள் "என்ன?" என்று திரும்பினாள். சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம்தான். இரண்டு கடை தள்ளி ஒரு குழந்தை "தாத்தா!" என்றது. அதற்கும் திரும்பினாள். "மாமா" என்றால் திரும்பினாள், "பெரியம்மா" என்றால் திரும்பினாள், "டேய்" என்றாலும் திரும்பினாள். சந்தை முழுக்க யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்க, அந்தத் தலை காற்றுக்காட்டி மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

பெரியவள் அவள் தோளைப் பிடித்து, "சின்னு!" என்றாள்.

அதற்கு மட்டும் அவள் திரும்பவில்லை.

"முதல்ல ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன்," என்று அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "குழு ரெண்டு பக்கமா நிக்குது. குடும்பத்தோட கடிதம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் முடிவு. மூணு பேர் கையெழுத்தோட இன்னிக்கு சாயங்காலமே வேணும்."

"மரபுப் பட்டியல்ல சேர்த்தா என்ன சார் ஆகும்?" என்று கேட்டார் கவுன்சிலர். அவருக்குத் தெரியாததில்லை. சபைக்குக் கேட்கட்டும் என்று கேட்டார்.

"பாதுகாக்கப்பட்ட மரபு ஆயிடும். வீட்டுக்கு ஒருத்தர் பதிவாகலாம். ஆயுசுக்கும் அவங்கதான் உட்காரணும். மாசம் ஒருதடவை நகர மண்டபத்துல, பொதுமக்கள் முன்னால. கேள்வியை முன்கூட்டியே எழுதிக் குடுத்து ஒப்புதல் வாங்கணும். பதிவாகாத வேற யார் திரைக்குப் பின்னால உட்கார்ந்தாலும் குற்றம். உட்கார்ந்தவங்களுக்கும் ஜெயில், உட்கார வெச்சவங்களுக்கும் ஜெயில்."

"பதிலுக்கு யார்கிட்ட ஒப்புதல் வாங்குவீங்க?" என்றார் வக்கீலம்மா.

"அது ரெண்டாம் கட்டம்."

"தடைன்னா?" பெரியவள் கேட்டாள். அவள் வாயைத் திறந்தது கவுன்சிலருக்குப் பிடிக்கவில்லை. முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"அறைக்கு முத்திரை வெப்போம். உட்கார்ந்தவங்களை மனநல இல்லத்துல வெச்சுக் கண்காணிப்போம். எவ்வளவு காலம்னு டாக்டர்கள்தான் சொல்லணும்."

"அதை நாங்க மனுவுல கேக்கவே இல்லை," என்று வக்கீலம்மா எழுந்துவிட்டார். "நீங்களாச் சேர்த்தது."

"தடைன்னு வந்தா முழுசாத் தடை பண்ணணுமே அம்மா. பாதி பூட்டுன்னு ஒண்ணு உண்டா?"

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். நல்ல மனுஷர், ஆனால் எதைப் பார்த்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பவர். "இதுமாதிரி அறுபடாம வந்த ஒண்ணு எங்கயும் கிடையாது. இதை விட்டுட்டா ஊரோட ஞாபகமே போயிடும்."

"ஊர் ஞாபகத்தைச் சுமக்க ஒரு பொண்ணோட தலைதான் கிடைச்சுதா? ஊர்ல நூலகம் இருக்கு சார். அங்க தூசி அடையுது."

"மேடம், எங்க தங்கச்சி இஷ்டப்பட்டுத்தான் உட்காருது," என்றார் கவுன்சிலர்.

"அதை அவங்க வாயால சொல்லட்டுமே. ஏம்மா, உள்ள இருக்கற அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?"

திரை அசையவில்லை.

"அதுக்குக் கூச்சம்," என்றார் கவுன்சிலர். ஊருக்கே கேள்வி கேட்க உரிமை இருந்தது. சின்னவளிடம் அவளைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் பதில் அண்ணன் வாயிலிருந்துதான் வரும்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, நேரில் பார்க்காம அறிக்கை எழுத முடியாது. ஒரு மாதிரி நடத்திக் காட்டுங்க. நிஜமா வேணாம், ஒத்திகைதான். கேள்வி ஆபீஸ்லயே தட்டச்சு பண்ணிக் கொண்டுவந்துட்டோம். யாராவது நாற்காலியில உட்கார்ந்து வாசிச்சாப் போதும்."

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். நாற்காலியும் எல்லோரையும் பார்த்தது.

"பேராசிரியர் உட்காரலாமே?"

"ஆராயறவன் ஆராய்ச்சிக்குள்ள போய் உட்காரக்கூடாது. அது எங்க துறையில பெரிய பிழை."

"வக்கீலம்மா?"

"நான் உட்கார்ந்தா அதை நம்பறதா ஆயிடும். நாளைக்குக் கோர்ட்ல கேப்பாங்க."

"நான் எழுதணுமே சார்," என்றார் சுருக்கெழுத்தர், கேட்பதற்கு முன்பே.

"நீங்களே உட்காருங்களேன்," என்று வக்கீலம்மா அதிகாரியைப் பார்த்துச் சொன்னார். "மூடநம்பிக்கைதானே?"

"எனக்கென்ன, உட்காருவேன். கை இல்லாத நாற்காலி. என் இடுப்புக்கு ஒத்துக்காது." அதிகாரி கவுன்சிலர் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டு ஆளே உட்காரட்டுமே."

"வீட்டார் உட்காரக்கூடாதுங்க."

"நிஜமா நடக்கும்போதுதானே? இது வெறும் ஒத்திகை."

கவுன்சிலர் யோசித்தார். பிறகு பெரியவளைப் பார்த்தார். வீட்டில் யாருக்கும் வேண்டாத வேலை வந்தால் அந்தப் பார்வை எப்போதும் அவள்மேல்தான் வந்து நிற்கும். "பெரியவளே, சும்மா வாசிச்சிட்டு எழுந்துரு. அஞ்சு நிமிஷம்."

பெரியவள் எழுந்தாள். அண்ணன் சொன்னதற்காக அல்ல. வேறு யாராவது உட்கார்ந்தால் தன்னைச் சமையலறைக்கு அனுப்பிவிடுவார்கள், தங்கைக்கு அந்தத் திரைக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது என்று காலம் பூராவும் தெரியாமலே போய்விடும் என்பதற்காக.

நாற்காலி பலகை ஈரமாக இருப்பதுபோல் சில்லென்றிருந்தது. தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

அதிகாரி தாளைக் கொடுத்தார். அலுவலகத்தில் யாரோ மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய வாக்கியம். எல்லா விசாரணையையும் எப்படித் தொடங்குவார்களோ அப்படித்தான் இதையும் தொடங்கியிருந்தார்கள். இந்த நாற்காலியில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருப்பார்கள். 'வலிச்சுதா', 'என்மேல கோபமா', 'சாவி எங்க'. ஆனால் இந்தக் கேள்வியை இங்கே யாரும் கேட்டதில்லை. வருகிறவர்களுக்கு ஒருவர்மேல்தான் கண். மற்றவர்களைப் பற்றி அவர்களுக்கு என்ன?

பெரியவள் வாசித்தாள்.

"தற்போது இவ்விடத்தில் இருப்பவர்கள் யார் யார், எங்கெங்கே அமர்ந்துள்ளனர் என்பதைத் தெரிவிக்கவும்."

மின்விசிறி நின்றது. கரண்ட் போகவில்லை. சுவரில் சின்ன விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து சின்னவளின் சொந்தக் குரலே வந்தது. அதுதான் பயமாக இருந்தது. கடையில் சரக்கு வந்திறங்கும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார்களே, அந்த மாதிரிக் குரல்.

"மரக்கடைக்காரர் ஜன்னலோரம். வக்கீலம்மாவுக்குப் பின்னால. தொப்பியை மடியில வெச்சிருக்கார்."

வக்கீலம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து மட்டும் விறைத்தது.

"பல் டாக்டர் அலமாரிப் பக்கம். பேராசிரியர் கையில இருக்கற தாளை எட்டிப் பார்த்துப் படிக்கறார். கண்ணாடி இல்லாம எழுத்துத் தெரியலையாம்."

பேராசிரியர் தாளை மெல்ல மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"லாரி டிரைவர், மின்விசிறிக்குக் கீழ. அதிகாரி உட்கார்ந்திருக்கற அதே நாற்காலியில."

அதிகாரி, பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுவதுபோல், தன்னையறியாமல் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"பலகையில, அண்ணனுக்கும் அக்காவுக்கும் நடுவுல விட்ட இடத்துல, பூக்கடைப் பாட்டியம்மாவும் அவங்க மருமகளும். ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கலை. மேஜைக்குப் பக்கத்துல இஸ்திரிக்காரர். சுருக்கெழுத்தரைப் பேனாவைக் கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்றார், அவர் சொல்றதும் விடாம வரணுமாம்."

சுருக்கெழுத்தரின் பேனா நிற்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை, கை மட்டும் பழக்கதோஷத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தவர்கள், இடங்கள். தொழில், உறவு, திசை. ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் புரண்டது.

"உக்கார இடம் இல்லாதவங்க நிக்கறாங்க. வரிசை சமையலறை வரைக்கும் போகுது. குழாயை யாராவது மூடுங்களேன். கூப்பிடறது ஒண்ணும் கேக்கலையாம்."

அப்போதுதான் பெரியவளுக்குத் தண்ணீர்ச் சத்தம் காதில் ஏறியது. சமையலறையில் குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் இருப்பவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் இங்கே இருந்தார்கள்.

ஒரே கேள்விதான் கேட்கவேண்டும். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் வாய் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"அம்மா?"

கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் பேசியது.

"அம்மா உக்காரலை," என்றது சின்னவளின் குரல். "உள் அறைக் கதவுல நிக்கறாங்க. ரெண்டு கையையும் நிலையில ஊணிக்கிட்டு. இன்னும் வெளியில நிறையப் பேர் உள்ள வரப் பார்க்கறாங்க. இங்க இடமில்லை, இங்க இடமில்லைன்னு சொல்லிச் சொல்லி அம்மாவுக்குத் தொண்டை கட்டிடுச்சு."

மின்விசிறி மறுபடி சுழன்றது. திரை விலகியது. சின்னவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"முடிஞ்சுதா? நான் எதுவுமே பேசலையே. தூங்கிட்டேன் போல." எல்லோர் முகத்தையும் பார்த்தாள். "ஏன் எல்லாரும் இப்படி நெருக்கிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? அவ்வளவு இடம் கிடக்கு."

பிறகு சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்து, "யாரு குழாயைத் திறந்துவிட்டது?" என்று சலித்துக்கொண்டே போய் மூடினாள்.

முதலில் குரல் திரும்பியது அதிகாரிக்கு. "அந்தக் கடைசிப் பகுதியை நீக்கிடுங்க."

"எதுலேர்ந்து சார்?" என்றார் சுருக்கெழுத்தர்.

"கேள்விக்கு அப்புறம் வர்றதெல்லாம்."

"சார், கேள்வியும் நம்மளுது. பதிலும் வந்திருக்கு. நீக்கணும்னா நீங்க எழுத்துல உத்தரவு குடுங்க. நான் பென்ஷன் வாங்கற வரைக்கும் இருக்கணும்."

பேராசிரியர் தன் கைப்பெட்டியை மூட இரண்டு தடவை முயன்றும் தாழ் விழவில்லை. "அபூர்வம்," என்றார். "இதைக் கட்டாயம் பட்டியல்ல சேர்த்தாகணும். மண்டபத்துலன்னா, இன்னும் எத்தனை பேருக்கு இடம் இருக்கும்!" சொல்லிவிட்டுத்தான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

வக்கீலம்மா மட்டும் போகும்போது பெரியவளிடம் வந்து கையைப் பிடித்தார். உள்ளங்கை வேர்த்திருந்தது.

"நான் இதை ஏமாத்துன்னு எழுதிக் குடுத்திருக்கேன்ம்மா. இப்ப அதை எப்படி நிரூபிக்கறதுன்னு தெரியலை. ஆனா மூடணும்கறதுல மாத்தமில்லை. நீங்க சரின்னா, அந்த மனநல இல்ல விஷயத்தை எதிர்த்துத் தனியா வாதாடுவேன்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"கோர்ட்டும்மா."

அதிகாரி காரில் பேராசிரியரோடு போனார். ஜீப்பையும் டிரைவரையும் கடிதத்துக்காக விட்டுப்போனார். உள்ளே உட்காரச் சொன்னபோது டிரைவர், "இருக்கட்டுங்க, வெளியில காத்து நல்லா வருது," என்று ஜீப்பிலேயே இருந்துகொண்டார்.

அண்ணன் தங்கைகள் மூவரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உட்காருவதற்கு முன் கவுன்சிலர் தன் நாற்காலியைக் கையால் ஒருதரம் தடவிப் பார்த்ததை இரண்டு பேரும் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

"கடிதத்தை நான் சொல்றேன், நீ எழுது," என்றார் அவர். "நம்ம குடும்பம் தலைமுறை தலைமுறையா..."

"நான் எழுதிக்கறேன்ண்ணா."

"பட்டியல்னுதானே எழுதப்போற?"

"அண்ணா, நீ காலையில கேட்டியா இல்லையா? அவ தலைக்குள்ள உக்கார இடமில்லாம நிக்கறாங்க. போனவங்க போகவே இல்லை. கேட்டுட்டுப் போனவங்க நிம்மதியாப் போயிட்டாங்க, கேட்கப்பட்டவங்க எல்லாம் இங்கயே தங்கிட்டாங்க. இதை மாசாமாசம் மண்டபத்துல கூட்டம் போட்டு நடத்தினா இன்னும் எத்தனை நாள் இவ இவளா இருப்பா?"

கவுன்சிலர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப தடைன்னு எழுது. இவளை ஜீப்புல ஏத்தி அந்த இல்லத்துல விட்டுட்டு வா. அங்க மாத்திரையா நிறையக் குடுப்பாங்க, உனக்குத்தான் மாத்திரை ரொம்பப் பிடிக்குமே."

குத்தலாகச் சொன்னாலும் பொய் சொல்லவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. ஊரில் நாலு பேர் மதிக்கவேண்டும் என்கிற ஒரே நோய்தான் அவருக்கு. அந்த நோய்க்கு அவள் கடையில் மருந்து இல்லை.

"எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு," என்றாள் சின்னவள்.

இருவரும் திரும்பினார்கள். அவள் பேச வந்தது அபூர்வம்.

"சொல்லும்மா சின்னு."

சின்னவள் வாயைத் திறந்தாள். மூடினாள். நெற்றியைச் சுருக்கினாள். கூட்டத்தில் தன் பையைத் தேடுகிறவள் மாதிரி அவள் கண் அங்கும் இங்கும் போயிற்று. "இருந்துச்சுக்கா. சொல்லணும்னு வெச்சிருந்தேன். முன்னாடி யாரோ நிக்கறாங்க. எடுக்க முடியலை."

பெரியவள் பேனாவை எடுத்தாள்.

மருந்துச் சீட்டைப் படித்துப் படித்து வந்த பழக்கம் அவளுக்கு. எழுதியிருப்பதில் எதை மாற்றினால் எது மாறும் என்று பார்க்கும் பழக்கம். காலையிலிருந்து அதிகாரி சொன்ன விதியைத்தான் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஒருத்தர். ஆயுசுக்கும் அவர். வேறு யார் உட்கார்ந்தாலும் குற்றம்.

அரசாங்கம் மாலை போட்டாலும் பூட்டுப் போட்டாலும் தங்கையைக் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் அதன் ஜெயில் காப்பாற்றும்.

நிதானமாக எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லை. எழுதியதை அண்ணன் பக்கம் நகர்த்தினாள்.

அவர் படித்தார். முதல் வரியில் முகம் மலர்ந்தது. எங்கள் குடும்பத்தின் வழக்கத்தைப் பட்டியலில் சேர்க்கச் சம்மதிக்கிறோம் என்றிருந்தது. இரண்டாம் பத்தியில் மலர்ந்தது அப்படியே நின்றுபோயிற்று.

"உன்னைப் போட்டிருக்க."

"ஆமாம்."

"பதிவாகப்போறது நீயா? உனக்கு வராதே! அம்மாவே சொல்லியிருக்காங்க, உனக்கு அந்தக் காது இல்லைன்னு."

"வராமப் போகட்டும்."

"மண்டபத்துல ஊரே கூடி இருக்கும்போது நீ அந்தப் பக்கம் ஊமை மாதிரி உக்காந்திருப்ப. ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ரெண்டு மாசம் சிரிச்சா மூணாம் மாசம் வரமாட்டாங்க. உனக்குப் பட்டியல் கிடைச்சுது, வாசல்ல பலகை தொங்கும், கவுன்சிலர் வீடுன்னு காட்டுவாங்க. வக்கீலம்மாவுக்கு யாரும் பதில் சொல்லாத நாற்காலி கிடைக்கும். அரசாங்கத்துக்கு ஒரு கோப்பு முடியும். இவ அந்த முக்காலியில உக்கார்ந்தா உக்கார வெச்சவங்களுக்கு ஜெயில்." அண்ணனை நேராகப் பார்த்தாள். "அதாவது உனக்கு."

கவுன்சிலர் தாளை இன்னொருதரம் படித்தார். பிறகு ஒரு சிரிப்பு, தோற்றுப்போனவன் சீட்டைக் கவிழ்த்துப் போடும்போது சிரிப்பதுபோல். "அப்பா உன்னை வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கணும்டி," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பெரியவள் போட்டாள். பேனாவைத் தங்கையிடம் நீட்டினாள். எந்தக் கையால் வாங்குவாள், யாருடைய எழுத்தில் எழுதுவாள் என்று உயிரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

சின்னவள் வலது கையால் வாங்கினாள். பள்ளிக்கூட நாளிலிருந்து போடும் அதே கோணல் எழுத்து. கடைசியில் வாலை நீட்டி அடியில் ஒரு கோடு. அவளேதான். பெரியவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல் தாளை மடித்தாள்.

உறையில் போட்டாள். கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பசையைத் தடவி, மடிப்பைக் கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தி ஒட்டினாள். குழுவின் முகவரியை எழுதினாள். ஜீப் வாசலில் ஒருமுறை ஹார்ன் அடித்தது.

எழுந்து வாசலுக்குப் போனாள். சின்னவள் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா."

"ம்."

"அப்ப நான் இனிமே உக்கார மாட்டேனா?"

"மாட்டே."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

சின்னவள் அதை வாங்கி மனசுக்குள் வைத்துப் பார்த்தாள். சந்தோஷமா துக்கமா என்று முகத்தில் தெரியவில்லை. ஒரு முகத்தில் ஒரேசமயத்தில் அத்தனையும் எப்படித் தெரியும்?

"அப்ப எங்கிட்ட இருக்கறவங்க எல்லாம் எங்கக்கா போவாங்க?"

டிரைவர் ஜீப்புக்குள் இருந்தபடியே கையை நீட்டினார். இறங்கி வர அவருக்கு மனமில்லை. பெரியவள் படியில் நின்றாள். உறை அவள் கையில் இருந்தது. கிழித்துப் போட இன்னும் நேரம் இருந்தது. பட்டியலையும் தடையையும் குடும்பக் கருத்தையும் நிரப்ப அரசாங்கம் இடம் விட்டிருந்தது. இந்தக் கேள்வியை நிரப்ப யாரும் இடம் விடவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அம்மா தொண்டை கட்டி நிற்கிறாள்.

பெரியவள் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். தங்கைக்குப் பின்னால் இருந்த கூடத்தையும் பார்த்தாள்.

"எங்கிட்ட வரட்டும்," என்றாள். சத்தமாகவே சொன்னாள். கூடத்தின் கடைக்கோடிவரை கேட்கட்டும் என்று சொன்னாள்.

பிறகு படியிறங்கிப் போய் உறையை டிரைவர் கையில் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, உள்ளே ஒருதரம்கூடப் பார்க்காமல், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.